இருட்டைக் கொஞ்சம் இருக்க விடுங்கள்: படத்திருத்தம் பற்றி வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் படங்களின் உணர்வை மாற்றித் திருத்துவது பற்றி சிங்கப்பூர் வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். எந்தச் செயலி நல்லது என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். செயலி பிறகு. படத்தைத் திறக்கும் முன் அது சொல்ல வேண்டியதை ஒரே சொல்லில் எழுதி வையுங்கள்: அமைதி, பிரிவு, ஆரவாரம், வெயில், எதுவானாலும் சரி. அந்தச் சொல்லுக்கு உதவாத பொத்தானைத் தொட வேண்டாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதையே அடிப்படையாகக் கொண்டவை.

பாட்டி சமையலறைச் சன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணி ஏழு இருக்கும், விளக்குப் போடவில்லை. அந்த அமைதிக்காகத்தான் எடுத்தேன். திறன்பேசியில் பார்த்தால் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது; அலமாரியில் உள்ள மிலோ டின்கூடப் பளிச்சென்று தெரிகிறது. அந்த மாலையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?
— வாசகி, ஈசூன்

முடியும். திறன்பேசி நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கிவிடுகிறது. அப்படி அடுக்கும்போது இருண்ட மூலைகளைத் தூக்கிவிடும், சன்னல் வெளிச்சத்தை அடக்கிவிடும். எல்லாம் சமமாகத் தெரிய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். மாலையில் எல்லாம் சமமாகத் தெரியாது. அந்த நேரத்தின் அமைதியே அதனால்தான். ஆகவே, திறன்பேசி எடுத்துக்கொண்ட இருட்டை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஸ்னாப்சீட் செயலியை வைத்துச் சொல்கிறோம். லைட்ரூமிலும் இதே வரிசைதான். முதலில் வெட்டுங்கள். மிலோ டின் சட்டத்துக்கு வெளியே போகட்டும். பாட்டியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள்; முதுகுப் பக்கம் குறையலாம். படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில் அவர் இருந்தால் போதும், மீதி சன்னலுக்கும் சுவருக்கும்.

அடுத்து ‘கர்வ்ஸ்’: கீழ்முனையில் இருட்டும் மேல்முனையில் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளியைக் காட்டும் சாய்கோடு. கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது அசையக் கூடாது. கீழிருந்து கால் பங்கில் இன்னொரு புள்ளி வைத்துச் சற்றே கீழே இழுங்கள். இருண்ட பகுதி மட்டும் ஆழமாகும், முகம் அப்படியே இருக்கும். போதாவிட்டால் ‘ஷேடோஸ்’ (நிழல் பகுதி) அளவை 15 முதல் 25 வரை குறையுங்கள். மொத்த வெளிச்சத்தைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிக் குறைத்தால் முகமும் சேர்ந்து மங்கி, படம் அழுக்கானதுபோல் ஆகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். விளக்கில்லாத அந்த நேரத்தில் சன்னல் வழியே வருவது நீலம் கலந்த ஒளி. திறன்பேசி அதை ‘சரிசெய்து’ வெண்மையாக்கியிருக்கும். நிற வெப்பநிலைக் கோலை (‘டெம்பரேச்சர்’) நீலப் பக்கம் 5 முதல் 10 வரை நகர்த்துங்கள். அதற்கு மேல் போனால் மருத்துவமனை வார்டு மாதிரி ஆகிவிடும். தாழ்வாரத்தில் விளக்கு எரிந்திருந்தால் சுவரில் பச்சைச் சாயை இருக்கலாம். ‘டின்ட்’ கோலைச் செந்நீல (மெஜந்தா) பக்கம் 5 தள்ளினால் போய்விடும்.

இப்போது ‘செலக்டிவ்’. பாட்டியின் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தை முகம் அளவுக்குச் சுருக்கி, வெளிச்சத்தை 10 முதல் 15 வரை ஏற்றுங்கள். கீரையும் கைகளும் இருக்கும் இடத்தில் இன்னொரு புள்ளி, அதற்குப் பாதி அளவு. பார்ப்பவர் கண் முதலில் முகத்துக்குப் போய், பிறகு கைக்கு இறங்க வேண்டும். கடைசியாக ‘விக்னெட்’: மையத்தை முகத்துக்கு நகர்த்தி, வெளிவட்டத்தை 15 அளவுக்கு இருட்டுங்கள். விக்னெட் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம்.

‘ஸ்ட்ரக்சர்’ பொத்தானை இந்தப் படத்தில் தொடவே வேண்டாம். ஏற்றினால் சுருக்கங்கள் கீறல்கள் ஆகும், இறக்கினால் தோல் மெழுகாகும். பாட்டியின் முகத்தில் இருக்கும் வயதும் அந்த அமைதியின் பகுதிதான்.

ஒரு சிக்கல் வரலாம். இருட்டிய பிறகு வெற்றுச் சுவரில் படிப்படியாகக் கோடுகள் விழும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். மழுமழுப்பான சுவரில் அவற்றை இழுத்து நீட்டினால் இடைவெளி தெரிந்துவிடும். ‘கிரெயின்’ (பொடிமணல் போன்ற புள்ளிகள்) 8 முதல் 10 வரை சேர்த்தால் கோடுகள் மறையும். அடுத்த முறை ரா வடிவில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுங்கள். கேமராக்களில் அது 12 அல்லது 14 பிட், அதாவது 4,096 அல்லது 16,384 படிகள். இருட்டினாலும் சுவரில் எளிதில் கோடு விழாது.

தம்பி தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பயிற்சி) போன அன்று, பாசிர் ரிஸ்ஸில் பகல் ஒரு மணி வெயிலில் அப்பாவும் அவனும் நிற்கும் படம் இருக்கிறது. மனத்தைப் பிசைந்த நாள், படத்தில் அது தெரியவில்லை. மாலை வெயில் ஃபில்டர் போட்டால் இருவருக்கும் மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?
— வாசகி, தெம்பனிஸ்

மஞ்சள் பூசினால் மாலை வராது. மாலை ஒளி பக்கவாட்டில் வரும், நிழல் நீளமாக விழும். உங்கள் படத்தில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட இல்லாத தொலைவில். நம் கடிகாரக் கணக்கில் சூரியன் உச்சிக்கு வருவதே 1 மணி சுமாருக்குத்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிழலை எந்த ஃபில்டரும் நகர்த்தாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பொய் என்று கண் உணர்ந்துவிடும்.

பிரிவுக்கு மாலைதான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? நம் திணை மரபில் மாலை முல்லைக்கு உரியது, காத்திருப்பின் நேரம். பிரிவுக்கு உரிய பாலைக்கு வகுத்த பொழுது நண்பகல். நிழலற்ற வெளி, கண் கூசும் வெயில், போகிறவன் ஒருவன். உங்கள் படம் சரியான நேரத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வெயிலை மறைக்காமல் அதையே பேச வையுங்கள்.

நிறச்செறிவை 15 முதல் 20 வரை குறையுங்கள். உச்சி வெயில் நிறங்களை வெளிறச் செய்யும், அதையே கொஞ்சம் கூட்டுகிறீர்கள். ‘ஹைலைட்ஸ்’ (மிகப் பளிச்சிடும் பகுதிகள்) அளவை 20 மட்டும் குறையுங்கள். தரையின் கூச்சம் இருக்கட்டும், ஆனால் முழு வெள்ளையாகி விவரம் போய்விடக் கூடாது. கறுப்பை ஆழமாக்குங்கள். கண்குழிகளில் விழுந்த நிழலை மட்டும் ‘செலக்டிவ்’ புள்ளியால் 10 தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் ஃபிளாஷ் அடித்ததுபோல் ஆகி வெயில் பொய்யாகிவிடும்.

வெட்டும்போது இருவரையும் நெருக்கி வெட்டாதீர்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் இடையே உள்ள வெற்றுத்தரை, தம்பி தோளில் உள்ள பை, இரண்டும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் நன்றாக வரும். ஆனால் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

சோகமான படம் என்றால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டால் போதும்தானே?
— வாசகர், உட்லண்ட்ஸ்

போதாது. நிறத்தை எடுத்துவிட்டால் படத்தில் மிஞ்சுவது ஒளியும் வடிவமும் மட்டுமே. அவை பலமாக இருந்தால்தான் படம் நிற்கும். சிவப்புச் சேலையும் பச்சை ரவிக்கையும் ஒரே சாம்பலாகிக் கலந்துவிடுவது சாதாரணம். ஆகவே வெறும் நிறநீக்கம் செய்யாமல், லைட்ரூமின் கறுப்பு வெள்ளைக் கலவையில் சிவப்பை 20 இறக்கி, பச்சையை 20 ஏற்றிப் பாருங்கள். இரண்டும் பிரியும். படத்தின் பொருளே நிறத்தில் இருந்தால், உதாரணமாகப் பிள்ளையின் கையில் கட்டிய மஞ்சள் கயிறு, கறுப்பு வெள்ளைப் பக்கமே போகாதீர்கள்.

அக்காவின் வளைகாப்புப் படங்களை உறவினர் ஒருவர் ‘அழகாக்கி’ அனுப்பினார். அக்கா மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. படத்தில் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறாள். வெளிச்சம் வேண்டும், ஆனால் அவள் நிறம் மாறக் கூடாது. எப்படி?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. நம் வீட்டுப் படங்களில் அதிகம் நடக்கும் தவறு இது.

நம் தோலின் நிறம் செயலிகளில் ஆரஞ்சுப் பகுதியிலும் கொஞ்சம் சிவப்பிலும் இருக்கிறது. அழகூட்டும் ஃபில்டர்கள் பொதுவாக ஆரஞ்சின் ஒளியை ஏற்றி, செறிவைக் குறைக்கின்றன. கறுத்த தோலில் அந்த இரண்டும் சேர்ந்தால் சாம்பல்தான் வரும். கூடவே மஞ்சளையும் குறைத்திருந்தால் கழுத்துத் தங்கம் பித்தளை ஆகிவிடும். குங்குமம் செங்கல் நிறத்துக்குப் போகும். தங்கம், குங்குமம், கைவளையல்களின் பச்சை சிவப்பு, இவை மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் பெரும்பாலும் முகமும் சரியாக இருக்கும்.

கறுத்த முகத்தின் வடிவம் அதன் மேல் மின்னும் ஒளியால் தெரிகிறது: நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு. அந்த மினுக்கத்தை ‘பளபளப்பு’ என்று நினைத்துத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். செய்ய வேண்டியது இதற்கு எதிர்மாறு. அனுப்பிய படத்தை விட்டுவிட்டு அசல் கோப்பிலிருந்து தொடங்குங்கள். மொத்த வெளிச்சத்தை 0.3 ஸ்டாப்புக்கு மேல் ஏற்ற வேண்டாம் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). ‘கர்வ்ஸ்’ கோட்டில் மேலிருந்து கால் பங்கில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே தூக்குங்கள். எண் காட்டும் செயலியானால் 190-ஐ 200 ஆக்கினால் போதும். கீழ்ப்பாதியை அசைக்காதீர்கள். நெற்றியும் கன்னமும் ஒளிரும், நிறம் அப்படியே நிற்கும். ஆரஞ்சுச் செறிவை 5 ஏற்றினால் தோலுக்கு உயிர் வரும்.

வெள்ளைச் சமநிலையை வேட்டியில் தொட்டு எடுக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. சலவைத்தூளில் உள்ள பளிச்சூட்டும் பொருளால் வெள்ளை வேட்டி நீலச் சாயையோடுதான் படத்தில் விழும். அதை வெள்ளை என்று செயலிக்குச் சொன்னால் முகமெல்லாம் மஞ்சளாகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கீழ்த்தளத்துச் சாம்பல் தூணோ, சாயமில்லாத சாம்பல் தரையோ பின்னால் தெரிந்தால் அதைத் தொடுங்கள்.

இந்தக் கோளாறு செயலிகளோடு தொடங்கியதும் அல்ல. வண்ணப் பிரதி எடுக்கும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க, ‘ஷெர்லி கார்டு’ என்ற அட்டையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தின. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் முகம் சரியாக வந்தால் பிரதி சரி என்று கணக்கு. மறுபக்கமும் உண்டு: 1994-இல், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை அமெரிக்காவின் இரண்டு வார இதழ்கள் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. ‘டைம்’ அதை இருட்டிப் போட்டது, ‘நியூஸ்வீக்’ உள்ளபடி போட்டது. இரண்டும் கடையில் அருகருகே இருந்ததால், இருட்டு ஒரு மனிதரை எப்படிக் குற்றவாளியாகக் காட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரின் தோல் நிறத்தை உணர்வூட்டும் கருவியாக்க வேண்டாம். உணர்வு பின்னணியிலும் சுற்றுவெளிச்சத்திலும் இருக்கட்டும்.

தீபாவளி ஒளியூட்டில் சிராங்கூன் சாலையில் எடுத்த குடும்பப் படத்தில் எல்லோர் முகமும் ஊதா. நடுவில் குறுக்குக் கோடுகள் வேறு.
— வாசகி, செங்காங்

ஊதாவையும் செந்நீலத்தையும் தனித்தனியே 30 முதல் 40 வரை செறிவு குறையுங்கள், முகத்தில் மட்டும். தெருவின் மேலே உள்ள விளக்குகளில் குறைத்தால் தீபாவளியே போய்விடும். முகத்தில் சிவப்பின் அளவு உச்சமான 255-ஐத் தொட்டுவிட்ட இடங்களில் தோலின் விவரம் இருக்காது. அங்கே எதுவும் திரும்பி வராது. குறுக்குக் கோடுகளும் அப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும், வேகமான ஷட்டர் அதைக் கோடாகப் பிடித்துவிடும். அடுத்த ஆண்டு புரோ முறையில் (அளவுகளை நாமே அமைக்கும் முறை) ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்துக்குள் எடுத்தால் வானத்தில் நீலம் இருக்கும். நம் ஊரில் அந்த நீலம் சீக்கிரம் போய்விடும். நகைக்கடை, பூக்கடையின் வெள்ளை விளக்கு முகத்தில் விழும்படி நிற்க வையுங்கள்.

தாத்தாவின் நினைவுநாளுக்குப் பெரிய படம் போட வேண்டும். இருப்பது 1970களில் எடுத்த ஒரே வண்ணப் படம், ஆல்பத்தில் ஒட்டியபடி சிவந்து போயிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டேன், பளிச்சென்று வந்தது. ஆனால் அத்தை ‘இது அப்பா இல்லை’ என்கிறார்.
— வாசகர், அங் மோ கியோ

அத்தை சொல்வது சரி. அந்தச் செயலிகள் மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தைத் தாங்களாகவே வரைந்து நிரப்புகின்றன. பல்வரிசை, இமை, கண்ணின் ஒளி எல்லாம் பொதுவான ஒரு முகத்திலிருந்து வருபவை. நினைவுநாள் படத்தில் அது வேண்டாம். மங்கலாக இருந்தாலும் தாத்தாவின் கண்ணே இருக்கட்டும்.

ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே நுழைத்து, அறுப்பதுபோல் மெல்ல இழுங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிட்டு, ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் கோப்பு (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்), தானியங்கி நிறத்திருத்தம் அணைத்திருக்க வேண்டும். பூஞ்சை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின் பூஞ்சையோடு சேர்ந்து கரைந்து வந்துவிடும்.

அக்காலத்து வண்ணத்தாளில் மூன்று சாயங்கள்: நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள். மூடிய ஆல்பத்துக்குள் முதலில் மங்குவது பெரும்பாலும் நீலப்பச்சை. அதனால்தான் மீதி சிவப்பாகத் தெரிகிறது. ஃபோட்டோஷாப் போன்ற செயலியில் ‘லெவல்ஸ்’ திறந்து சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், வரைபடத்தின் இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். கறுப்பு முனையை வரைபடத்தின் மேடு தொடங்கும் இடத்துக்கு, உதாரணமாக 60 அல்லது 70-க்கு, நகர்த்துங்கள். தலைமுடியும் நிழலும் உடனே கறுப்பாகும். பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே சிறிய அளவில் செய்யுங்கள். பிறகு, சரிசெய்த அடுக்கின் அடர்த்தியை 80 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடுங்கள். முழுதும் சரிசெய்தால் நேற்று எடுத்த படம்போல் ஆகிவிடும். கொஞ்சம் மிஞ்சும் செம்மையில்தான் அந்தக் காலம் இருக்கிறது. அசலை ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு உள்ள டிரை கேபினட்டில் வையுங்கள், கேமரா வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது இருக்கும்.

குடும்பத் திருமணப் படத்தில், இப்போது உறவில் இல்லாத ஒருவர் நடுவில் நிற்கிறார். அழித்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம். தவறா?
— வாசகி, பொங்கோல்

குப்பைத் தொட்டியை அழிப்பதும் ஆளை அழிப்பதும் ஒன்றல்ல. 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் தன் அட்டையின் நீள்வடிவுக்குப் பொருந்துவதற்காக கீஸா பிரமிடுகளை நெருக்கி வைத்தது. கல்லை நகர்த்தியதற்கே பல காலம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அந்தப் படம் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அம்மா அதைத்தான் காக்கிறார்.

வேறு வழி உண்டு. வெட்டிப் பாருங்கள்: மணமக்களும் ஒரு பக்க உறவினரும் மட்டும் உள்ள படம் கிடைக்கலாம். அல்லது அவரை 20 அளவுக்கு இருட்டி, செறிவைக் குறைத்தால் கண் அவர் மேல் நிற்காது. அழித்தே ஆக வேண்டும் என்றால் தனிப் பிரதியில் செய்து, கோப்பின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர் தோளில் அவர் வைத்த கை, பளிங்குத் தரையில் அவர் பிரதிபலிப்பு, இரண்டும் மிஞ்சியிருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அசல் அம்மாவிடம் இருக்கட்டும்.

திரையில் அழகாக இருக்கும் படம், கடையில் 4ஆர் (4 × 6 அங்குலம்) அளவில் அச்சிட்டால் இருண்டுவிடுகிறது. தலையும் வெட்டுப்படுகிறது.
— வாசகர், பிடோக்

திரை தானே ஒளிர்கிறது, தாள் அறையின் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திருத்தும்போது திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் பிடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய வேண்டும். அச்சுக்கு அனுப்பும் பிரதியில் 0.3 ஸ்டாப் கூட்டி, விக்னெட்டைப் பாதியாக்குங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (அச்சுக் கடைகள் வழக்கமாக ஏற்கும் நிற அமைப்பு), 1200 × 1800 புள்ளிகளில் இருக்கட்டும். திறன்பேசிப் படம் 4:3, 4ஆர் தாள் 3:2. குறுகிய பக்கத்தில் ஏறக்குறைய 11 விழுக்காடு போகும். அந்த வெட்டை நீங்களே செய்துவிட்டால் தலை தப்பும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிவிடும்.

முழுத்தொகுதிக்கு முன் ஒரே ஒரு படத்தைச் சோதனையாக எடுத்துப் பாருங்கள். கடையில் தானியங்கித் திருத்தத்தை அணைக்கும்படி வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஈசூன் வாசகி அவ்வளவு பொறுமையாக இருட்டிய பாட்டியின் சமையலறையில், அந்த இயந்திரம் மறுபடி விளக்குப் போட்டுவிடும்.